ஸ்டென்ட் வெச்சாச்சு... மனசுக்கு என்ன வைக்கிறது?

மதுரையிலிருந்து மேலூர் ரோட்டில் மாட்டுத்தாவணியைத் தாண்டிப் போனால், பெரிய யானை ஒன்று காலை நீட்டிப் படுத்திருப்பதைப் போல ஒரு மலை தெரியும். அதன் காலடியில்தான் ஒத்தக்கடை. ஒரு பக்கம் விவசாயக் கல்லூரி, கொஞ்சம் முன்னால் 2004-ல் திறந்த ஹைகோர்ட் கிளை, இரண்டுக்கும் நடுவே பிளாட் போட்டு எழும்பிய வீடுகள். வயலில் நின்றவர்களும், ஆபீஸ் போகிறவர்களும், கடை வைத்திருப்பவர்களும் கலந்து வாழ்கிற ஊர்.

இந்த ஊரின் ஏதோ ஒரு தெருவில் இப்படி ஒரு வீடு இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். வீட்டுக்காரருக்கு வயசு 52. நடு ராத்திரியில் நெஞ்சைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்தார். 108 வந்தது. ஆஞ்சியோ பார்த்து, ஒரு ஸ்டென்ட் வைத்து, அஞ்சாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காப்பீட்டு அட்டை கை கொடுத்ததால் பெரிய தொகை எதுவும் கட்டவில்லை. "நல்லாயிட்டீங்க. மாத்திரையை விடாதீங்க, தினம் நடங்க" என்று டாக்டர் தோளில் தட்டி அனுப்பினார்.

மூணு மாசம் ஆகிவிட்டது. மனிதர் வாசற்படியைத் தாண்டவில்லை! பேப்பரைப் பிரிப்பார், முதல் பக்கத்தோடு மடித்து வைத்துவிடுவார். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, தன் நாடியைத் தானே பிடித்துப் பார்ப்பார். பேத்தி மடியில் ஏற வந்தால், "நெஞ்சுல இடிச்சிருவா, தூக்கிட்டுப் போ" என்பார்.

"எல்லாம் சரியாயிருச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாரே... இன்னும் என்னங்க?" என்று மனைவி கேட்டால், "ஒனக்குத் தெரியாது. உள்ள என்னமோ பண்ணுது."

திரும்பவும் ஆஸ்பத்திரி. ஈ.சி.ஜி. நார்மல். எக்கோ நார்மல். "ஒண்ணுமில்லை, போங்க" என்கிறார்கள். ஆனால், அந்த வீட்டில் 'ஒண்ணுமில்லை' என்ற வார்த்தைக்கு அர்த்தமே இல்லாமல் போய்விட்டது.

இந்த வீட்டை நாம் கற்பனையாகத்தான் சொன்னோம். ஆனால், படிக்கும்போதே "அட, நம்ம சித்தப்பா மாதிரி இருக்கே" என்று உங்களில் பலர் நினைத்திருப்பீர்கள். காரணம் இருக்கிறது. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களில் ஏறக்குறைய அஞ்சில் ஒருவருக்கு, சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு மனச்சோர்வு வருகிறது. வெறும் பயம், கவலை, தூக்கமின்மை என்று லேசாக இருப்பவர்களையும் சேர்த்தால் கணக்கு இன்னும் கூடும். இதயத்துக்கு ஆயிரம் டெஸ்ட் எடுக்கிற நாம், இந்த ஒன்றைப் பற்றி மட்டும் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை.

சோகமா, வியாதியா?

'உயிர் போய் வந்தவன் கொஞ்சம் சோர்ந்து இருப்பான்தான். அதுக்கும் ஒரு பேர் வைக்கணுமா?' நியாயமான கேள்வி. முதல் இரண்டு, மூன்று வாரம் பயமும் அழுகையும் வருவது இயல்பு; பெரும்பாலானவர்களுக்கு அது தானாகவே வடிந்துவிடும். வடியாமல் தங்கிவிடுவதுதான் பிரச்னை.

கனடாவின் மான்ட்ரியால் நகரத்தில், மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்த 222 பேரை ஆராய்ந்து 1993-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மனச்சோர்வோடு இருந்தவர்கள், அடுத்த ஆறு மாதத்துக்குள் இறந்துபோகும் அபாயம் மற்றவர்களைவிட நாலு மடங்கு! இதயம் எவ்வளவு கெட்டுப் போயிருந்தது என்பதையெல்லாம் கணக்கில் கழித்துப் பார்த்த பிறகும் இந்த வித்தியாசம் நின்றது. டாக்டர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான்.

அப்புறம் 2004-ல் 'இன்டர்ஹார்ட்' என்ற பெரிய ஆய்வு. 52 நாடுகள், ஏறக்குறைய 30,000 பேர். இதை முன்னின்று நடத்திய டாக்டர் சலீம் யூசுப், நம் பக்கத்துக் கேரளாவில் பிறந்து பெங்களூரில் மருத்துவம் படித்தவர். சிகரெட், பி.பி., சர்க்கரை, கொழுப்பு, தொப்பை என்று மாரடைப்புக்கான ஒன்பது காரணங்களை அந்த ஆய்வு வரிசைப்படுத்தியது. அதில் மன அழுத்தமும் மனச்சோர்வும் சேர்ந்து ஒரு காரணமாக இடம் பிடித்தன. பணக்கார நாடு, ஏழை நாடு என்ற வித்தியாசமில்லாமல் எல்லா இடத்திலும்!

அதே ஆய்வில் நம்மைச் சுடுகிற இன்னொரு செய்தியும் இருக்கிறது. இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், இலங்கை, நேபாளம் பக்கத்து ஆட்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்துவிடுகிறது. மற்ற நாட்டுக்காரர்களுக்கு 59. இந்த ஆறு வருஷ வித்தியாசத்தை நம் வீட்டுக் கணக்கில் போட்டுப் பாருங்கள். 53 வயசு என்றால் பெண்ணுக்குக் கல்யாணம் பேசிக் கொண்டிருக்கும் வயசு. வீட்டுக் கடன் பாதிதான் அடைந்திருக்கும். பையன் கடைசி வருஷம் படிப்பான். பென்ஷன் வாங்கிக் கொண்டு சாய்வு நாற்காலியில் கிடக்கும் வயசில் வருகிற வியாதி வேறு. குடும்பத்தைத் தோளில் சுமந்துகொண்டிருக்கும்போது வருகிற வியாதி வேறு. மேல்நாட்டுப் புத்தகத்தில் எழுதியிருக்கிற ஆலோசனை நமக்கு அப்படியே பொருந்தாததற்கு இது ஒரு காரணம்.

மனசு எப்படி இதயத்தைத் தொடுகிறது?

இரண்டு வழி. ஒன்று உடம்புக்குள். எந்நேரமும் பயத்தில் இருப்பவர் உடம்பில் அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் தேவையில்லாமல் ஊறிக்கொண்டே இருக்கும். நாடி வேகமாகும், பி.பி. ஏறும், ரத்தத்தில் இருக்கிற தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொண்டு உறையும். ஸ்டென்ட் வைத்தவருக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கத்தானே மாத்திரை கொடுக்கிறோம்? மனசு அதற்கு எதிர்த் திசையில் இழுக்கிறது.

அதிர்ச்சியே இதயத்தைச் சுருட்டிப் போடுவதும் உண்டு. 1990-ல் ஜப்பானிய டாக்டர்கள் ஒரு விசித்திர நோயை விவரித்தார்கள். நெருங்கியவர் இறந்த செய்தி போன்ற பேரதிர்ச்சியில் இதயத்தின் அடிப்பகுதி பலூன் மாதிரி உப்பிக்கொள்ளும். பார்த்தால் அச்சு அசல் மாரடைப்பு மாதிரியே இருக்கும், ஆனால் ரத்தக் குழாயில் அடைப்பு இருக்காது. பெரும்பாலும் வயதான பெண்களுக்கு வருகிறது. ஆக்டோபஸ் பிடிக்கிற பானையின் வடிவத்தில் இதயம் தெரிந்ததால் 'டகோட்சுபோ' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 'நெஞ்சு வெடிச்சுப் போச்சு' என்று நம் கிழவிகள் சொல்வது முழுப் பொய்யில்லை!

இரண்டாவது வழி ரொம்ப சாதாரணமானது. ஆனால், என் அபிப்பிராயத்தில் இதுதான் அதிக ஆட்களைக் கொல்கிறது. மனசு விட்டுப் போனவர் மாத்திரை போடமாட்டார். "இதப் போட்டு என்ன ஆகப் போகுது?" ஒரு வேளை, ரெண்டு வேளை என்று விட்டுப் போகும். நடக்கமாட்டார். விட்ட பீடியை மறுபடி பற்ற வைப்பார். செக்கப் தேதியைத் தள்ளிப் போடுவார். ஸ்டென்ட் வைத்த புதிதில் ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையை நிறுத்தினால், வைத்த ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. வெளியே பார்த்தால் 'மாத்திரை சரியாப் போடலை' என்பார்கள். ஏன் போடலை என்று யாரும் கேட்பதில்லை.

பார்க்க வருகிறவர்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவுடன் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாக உறவுக்காரர்கள் வருவார்கள். வரவேண்டியதுதான், வராவிட்டால் அதுவும் மனசைக் குத்தும். ஆனால், வந்து பேசுகிற பேச்சு இருக்கிறதே!

"என்ன மதினி, அண்ணன் இப்படி எளைச்சுப் போயிட்டாரு? எங்க பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதே மாதிரிதான் ரெண்டு ஸ்டென்ட் வெச்சாங்க. நல்லாத்தான் இருந்தாரு. தீபாவளிக்கு மொத நாளு குளிக்கப் போனவரு..."

கட்டிலில் படுத்திருப்பவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் காது மூடியிருக்காது. அன்றைக்கு ராத்திரியிலிருந்து அவர் குளிக்கப் போகவே பயப்படுவார். அதற்குப் பிறகு வீட்டில் உள்ளவர்கள் பாத்ரூம் கதவைத் தாழ் போட விடமாட்டார்கள். இப்படி ஒவ்வொரு விருந்தாளியும் ஒரு பயத்தை விட்டுவிட்டுப் போவார்.

இன்னொரு ரகம், அறிவுரை ரகம். "மாப்பிள்ளை, நீங்க இங்கிலீஷ் மருந்தை நிறுத்திட்டு இந்தப் பொடியை வெந்நீர்ல போட்டுக் குடிங்க, அடைப்பு கரைஞ்சு ஓடிரும்." மனசு தளர்ந்திருப்பவர் எதையும் நம்புவார். நம்பி நிறுத்தியவர்கள் உண்டு.

வீட்டுக்காரம்மா இதில் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கலாம், தப்பில்லை. "அவரு தூங்குறாரு, ஒரு பத்து நிமிஷம் இருந்துட்டுப் போங்க" என்று வாசலிலேயே சொல்லிவிடலாம். வருகிறவர் ஊர்க்கதை, கோயில் திருவிழா, கிரிக்கெட் என்று எதை வேண்டுமானாலும் பேசட்டும். வேறு நோயாளி கதை மட்டும் வேண்டாம்.

அன்பு என்கிற கைவிலங்கு

விருந்தாளிகளைச் சொல்லிவிட்டு வீட்டுக்காரர்களை விட்டுவிட்டால் எப்படி? 'குனியாதீங்க, மாடி ஏறாதீங்க, கோபப்படாதீங்க, கடைக்கு நான் போறேன், போனை நான் எடுக்கிறேன்...' எல்லாம் அன்புதான். ஆனால், இருபத்தைந்து வருஷம் வீட்டை நடத்திய மனிதரை ஒரே வாரத்தில் கண்ணாடிப் பொம்மை ஆக்கிவிடுகிறோம். கடன்காரர் வந்தால் சமையற்கட்டில் வைத்துக் கிசுகிசுவென்று பேசுகிறோம். அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். தெரிந்தும் கேட்கமுடியாத நிலைதான் பாரத்திலேயே பெரிய பாரம்.

பணத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். ஏழை நாடுகளில் இதய நோயாளியின் மனநலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், மனசைத் தனியாகவும் பணத்தைத் தனியாகவும் வைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. உலகத்தில் இதய, ரத்தக்குழாய் நோய்களால் இறப்பவர்களில் நாலில் மூணு பேருக்கு மேல் வசதி குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். தமிழ்நாட்டில் 2009-லிருந்தே அரசு காப்பீடு இருக்கிறது; 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. ஸ்டென்ட் விலைக்கு மத்திய அரசு 2017 பிப்ரவரியில் உச்சவரம்பு வைத்தது. இதெல்லாம் இல்லாவிட்டால் பல குடும்பங்கள் நிலத்தை விற்றிருக்கும். ஆனால், காப்பீடு ஆபரேஷன் செலவைக் கட்டும். ரெண்டு மாசம் கடை திறக்காத நஷ்டத்தைக் கட்டாது. அடகு வைத்த வளையலை மீட்டுத் தராது. அந்தக் கணக்கெல்லாம் ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் அவர் நெஞ்சில் ஏறி உட்காரும்.

அதனால் அவரிடம் கணக்கை மறைக்காதீர்கள். சாவகாசமாக ஒரு மத்தியானம், நோட்டை எடுத்து வைத்து, 'இவ்வளவு கடன், மாசம் இவ்வளவு கட்டணும், பையன் இவ்வளவு தர்றான்' என்று எழுதிக் காட்டுங்கள். தெரியாத கடன் தெரிந்த கடனைவிட எப்போதும் பெரிசு. காய்கறி நறுக்குவது, பேத்தியை பஸ் ஸ்டாப் வரை கொண்டுபோய் விடுவது, கரன்ட் பில் கட்டுவது என்று டாக்டர் அனுமதித்த வேலைகளைத் திரும்பக் கொடுங்கள். முதல் வாரம் வாசல் வரை, அடுத்த வாரம் தெருமுனை வரை, அப்புறம் டீக்கடை வரை.

கோவாவில் 'சங்காத்' என்ற அமைப்பு செய்த மனச்சோர்வு சிகிச்சையின் உயிர்நாடி இதுதான். 'மனசு சரியானதும் வெளியே போகலாம்' என்று காத்திருக்காமல், சின்னச் சின்ன வேலையாகச் செய்யச் செய்ய மனசு பின்னால் வந்து சேரும் என்கிற முறை. ஆஸ்பத்திரி வேலை எதுவும் தெரியாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆறு முதல் எட்டு தடவை நோயாளியோடு உட்கார்ந்து பேச வைத்தார்கள். கடுமையான மனச்சோர்வு இருந்த 495 பேரிடம் சோதித்து, 2017-ல் 'லான்செட்' பத்திரிகையில் வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் நன்றாகத் தேறியிருந்தார்கள்.

அந்த அம்மாவை யார் கேட்பது?

நோயாளியை எல்லோரும் விசாரிக்கிறார்கள். மனைவியை? ராத்திரி அவர் மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுத் தூங்கும் பெண்கள் எத்தனை பேர்! உப்பில்லாத சமையல் ஒரு பக்கம், மாத்திரை நேரம் ஒரு பக்கம், வருமானம் நின்ற கவலை ஒரு பக்கம். தனக்கு பி.பி. ஏறியதை அவர் யாரிடமும் சொல்லமாட்டார். மகளோ மருமகளோ வாரத்தில் ஒரு நாள் வந்திருந்து அந்த அம்மாவைக் கோயிலுக்கோ, அக்கா வீட்டுக்கோ அனுப்பி வைப்பது மருந்துச் சீட்டில் எழுதவேண்டிய சமாசாரம்.

அட்டாக் வந்தது மனைவிக்கே என்றால் நிலைமை இன்னும் மோசம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பத்தாம் நாள் அடுப்படியில் நிற்பார். 'அசதியா இருக்கு' என்றால், 'ரெஸ்ட் எடு' என்பார்கள். ஆனால் காபி யார் போடுவது என்று யாரும் எழுந்திருக்கமாட்டார்கள்.

யோசிச்சு யோசிச்சு...

நம் ஊர்ப் பக்கம் யாரும் டாக்டரிடம் போய் 'எனக்கு மனச்சோர்வு' என்று சொல்வதில்லை. "அசதியா இருக்குங்க", "படபடன்னு வருது", "நெஞ்சுல பாரமா இருக்கு", "யோசிச்சு யோசிச்சுத் தூக்கமே வரலை" என்பார்கள். டாக்டரோ இதய டாக்டர். நெஞ்சில் பாரம் என்றவுடன் ஈ.சி.ஜி. எடுப்பார். எடுக்கவும் வேண்டும்!

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டு மக்களிடம் இதற்கு ஒரே வார்த்தை இருக்கிறது: 'குஃபுங்கிசிசா'. அதற்கு அர்த்தம் என்ன தெரியுமா? 'அளவுக்கு மேல் யோசிப்பது'! அந்த நாட்டில் மனநல டாக்டர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவரான டிக்சன் சிபாண்டா, 2006-ல் ஒரு காரியம் செய்தார். தலைநகர் ஹராரேயில் அரசு கிளினிக் வாசலில் மரத்தடியில் ஒரு பெஞ்சைப் போட்டு, அந்தந்தப் பகுதியில் சுகாதார வேலை பார்த்து வந்த பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து உட்கார வைத்தார். 'நட்பு பெஞ்ச்' என்று பெயர். பாட்டி மருந்து கொடுப்பதில்லை. கேட்கிறார். உள்ள பிரச்னைகளில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு என்ன செய்யலாம் என்று வந்தவரையே யோசிக்க வைக்கிறார். ஆறு தடவை. 573 பேரிடம் நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது: ஆறு மாதம் கழித்து மனச்சோர்வு அறிகுறி இருந்தவர்கள் வழக்கமான கவனிப்பில் 50 சதவீதம், பெஞ்சுக்கு வந்தவர்களில் 14 சதவீதம்தான்.

அவர்கள் இதய நோயாளிகள் அல்ல, வாஸ்தவம். ஆனால், நம் நாட்டிலேயே இதற்கு நெருங்கிய காரியங்கள் நடந்திருக்கின்றன. மாரடைப்பு வந்து வீடு திரும்பியவர்களைப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் அவ்வப்போது சந்தித்து, மாத்திரை, சாப்பாடு, நடை பற்றி விசாரித்தால் என்ன ஆகும் என்று இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளின் 806 நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள். 2016-ல் முடிவு வந்தது: மாத்திரை ஒழுங்காகப் போட்டார்கள், பழக்க வழக்கங்களும் மேம்பட்டன. சர்க்கரையும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 404 பேரிடம், சென்னை உட்பட நாலு இடங்களில் நடந்த இன்னொரு ஆய்வு 2020-ல் வெளியானது. அங்கே ஒரு ஒருங்கிணைப்பாளர் நோயாளியைத் தொடர்ந்து கவனித்து, சர்க்கரை டாக்டரையும் மனநல டாக்டரையும் ஒரே நூலில் கோத்தார். மனசும் தேறியது, சர்க்கரை, பி.பி., கொழுப்புக் கணக்கும் இறங்கியது.

இதை எதற்கு இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பி.பி., சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து தரும் பெண் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். ஒத்தக்கடை மாதிரி ஊரில் எந்த வீட்டில் யாருக்கு என்ன என்பது அவருக்கு அத்துப்படி. நம் பாட்டி பெஞ்சே நடந்து வந்து வாசலில் நிற்கிற மாதிரிதானே இது? அந்தப் பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்து, மாத்திரை கொடுக்கும்போது இரண்டே இரண்டு கேள்வி கேட்கச் சொன்னால் போதும். (அவருக்குக் கொடுக்கும் ஊக்கத்தொகையைக் கொஞ்சம் கூட்டிவிட்டுக் கேட்கச் சொன்னால் இன்னும் நல்லது. சும்மா வேலையை ஏற்றிக்கொண்டே போவது நியாயமில்லை.)

அந்த இரண்டு கேள்வியை நீங்களே வீட்டில் கேட்டுப் பார்க்கலாம். உலகம் முழுக்க டாக்டர்கள் முதல் சல்லடையாகப் பயன்படுத்துவது இதுதான்:

"போன ரெண்டு வாரமா, எந்த வேலையிலயும் ஒரு பிடிப்போ சந்தோஷமோ இல்லாம இருக்கா?"

"போன ரெண்டு வாரமா, மனசு சோர்ந்து, இனி என்ன இருக்குன்னு தோணுதா?"

'அடிக்கடி அப்படித்தான்' என்று ஏதாவது ஒன்றுக்குப் பதில் வந்தால், அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள். 'செத்துப் போயிருந்தாலே நல்லாருந்திருக்கும்' என்கிற மாதிரி பேச்சு வந்தால் அன்றைக்கே சொல்லவேண்டும். அதை விளையாட்டுப் பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மருந்தா, பேச்சா?

'ஏற்கெனவே ஏழு மாத்திரை. இதுல மனசுக்கு வேற மாத்திரையா? இதயத்துக்கு ஆகுமா?' எல்லோரும் கேட்பதுதான். மனச்சோர்வுக்கான பழைய தலைமுறை மாத்திரைகள் சில, இதயத் துடிப்பின் லயத்தைக் கெடுக்கக்கூடியவை என்பது உண்மை. அதனால்தான் இதய நோயாளிகளுக்கு டாக்டர்கள் அவற்றைத் தவிர்க்கிறார்கள். புதிய ரகங்களில் 'செர்ட்ரலின்' மாத்திரையை இதய நோயாளிகள் 369 பேரிடம் சோதித்து, 2002-ல் இது பாதுகாப்பானது என்று தெரிவித்தார்கள். இவற்றிலும் சில, ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையோடு சேரும்போது ரத்தக் கசிவைக் கொஞ்சம் கூட்டலாம். எனவே எதை, எவ்வளவு என்பதை இதய டாக்டருக்கும் தெரியப்படுத்திவிட்டுத்தான் ஆரம்பிக்கவேண்டும். மெடிக்கல் ஷாப்பில் சொந்தமாக வாங்கும் தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். ஆரம்பித்தால் பலன் தெரிய ரெண்டு, மூணு வாரம் பிடிக்கும். நாலு நாளில் 'ஒண்ணும் கேக்கலை' என்று தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

மனசைச் சரி செய்தால் அடுத்த அட்டாக் வராதா? இங்கே உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் 2,481 மாரடைப்பு நோயாளிகளுக்குப் பேச்சு சிகிச்சை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2003-ல் வந்தது. மனசு தேறியது, ஆனால் மறு அட்டாக்கோ, மரணமோ குறையவில்லை. கொரியாவில் 300 பேரிடம் மாத்திரை கொடுத்து நடந்த ஆய்வில், எட்டு வருஷம் கழித்துப் பார்த்தபோது இதயப் பிரச்னைகள் குறைந்திருந்தன. அது 2018-ல் வெளியானது. ஆகவே 'ஆயுசு கூடும்' என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பவேண்டாம். ஆனால், வாசல் தாண்டாத மனிதர் மறுபடி டீக்கடைக்கு நடந்து போகிறார், பேத்தியைத் தூக்குகிறார் என்றால், அதற்காகவே சிகிச்சை எடுக்கலாம் என்பேன் நான்.

யோகாவும் அப்படித்தான். இந்தியாவில் 24 ஆஸ்பத்திரிகளில், மாரடைப்பு வந்த 3,959 பேரிடம் 12 வார யோகாப் பயிற்சியைச் சோதித்து 2020-ல் வெளியிட்டார்கள். மறு அட்டாக் கணிசமாகக் குறைந்தது என்று நிரூபிக்க முடியவில்லை. ஆனால், 'நான் நல்லா இருக்கேன்' என்று சொன்னவர்களும், பழைய வேலைகளுக்குத் திரும்பியவர்களும் யோகா செய்தவர்களில் அதிகம். மேல்நாட்டில் மாரடைப்புக்குப் பிறகு உடற்பயிற்சி, உணவு, மன ஆலோசனை மூன்றையும் சேர்த்துத் தருகிற மறுவாழ்வு மையங்கள் உண்டு. உலகில் ஏறக்குறைய பாதி நாடுகளில்தான் அந்த வசதியே இருக்கிறது. அதற்கு ஈடாக, ஒரு பாயும் சொல்லித்தர ஒரு ஆளும் போதும் என்றால் அது லேசான விஷயமா? டாக்டர் அனுமதியோடு, மூச்சுப் பயிற்சியும் எளிய ஆசனங்களும் செய்யலாம். தலைகீழாக நிற்கிற வித்தை, மூச்சை அடக்குகிற வித்தையெல்லாம் வேண்டாம்.

கேட்க வெட்கப்படுகிற கேள்வி

தம்பதிகள் டாக்டர் ரூமிலிருந்து வெளியே வந்த பிறகுதான் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்: 'நீ கேட்டிருக்கலாமே?' தாம்பத்தியத்தைப் பற்றித்தான்! பயத்தில் ஆறு மாசம், ஒரு வருஷம் தனித்தனி அறையில் படுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவருக்கு 'நான் இனி ஆம்பளையே இல்லை' என்ற தாழ்வு மனப்பான்மை. அந்த அம்மாவுக்கு 'என்னால ஏதாச்சும் ஆயிட்டா?' என்ற பயம். ரெண்டு மாடிப் படிகளை நெஞ்சு வலியோ, மூச்சு வாங்கலோ இல்லாமல் ஏற முடிகிறவருக்குப் பொதுவாகத் தடையில்லை. உங்கள் விஷயத்தில் எப்போது என்பதை டாக்டரிடமே நேராகக் கேளுங்கள், அவர் தப்பாக நினைக்கமாட்டார். ஒரே ஒரு எச்சரிக்கை: நாக்குக்கு அடியில் வைக்கிற நெஞ்சு வலி மாத்திரையோ, அதே வகை நைட்ரேட் மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள் வயாக்ரா வகை மாத்திரையைத் தொடவே கூடாது. பி.பி. திடீரென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

எங்கே போவது?

முதலில் ஒரு விஷயம். நெஞ்சு வலி வரும்போது 'இது மனசா, இதயமா?' என்று வீட்டில் பட்டிமன்றம் நடத்தாதீர்கள். வலி சில நிமிஷத்துக்கு மேல் நீடித்தால், வியர்த்தால், கைக்கோ தாடைக்கோ பரவினால் 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாரடைப்புக்கான முதலுதவி மாத்திரைகளை வைக்கும் 'இதயம் காப்போம்' திட்டம் 2023-ல் வந்திருக்கிறது. பலமுறை பரிசோதித்து இதயத்தில் கோளாறு இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் படபடப்பு தொடர்ந்தால்தான் மனசு பக்கம் திரும்பவேண்டும்.

ஒத்தக்கடைக்காரர்களுக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை கூப்பிடு தூரம். இதயப் பிரிவும் மனநலப் பிரிவும் அந்த ஒரே ஆஸ்பத்திரியில் உண்டு. 'மனநலப் பிரிவு வாசல்ல நின்னா யாராச்சும் பார்த்துருவாங்க' என்ற கூச்சம் இருந்தால், இதய டாக்டரிடமே ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில், குறிப்பிட்ட நாட்களில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு மனநல டாக்டர் வருகிறார். எந்த நாள் என்று உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்தால் சொல்வார்கள். மதுரையில் டாக்டர் சி.ராமசுப்பிரமணியன் 1992-ல் தொடங்கிய எம்.எஸ்.செல்லமுத்து அறக்கட்டளையும் மனநலப் பணி செய்கிறது.

நேரில் போகத் தயங்குகிறவர்களுக்கு போன் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' மனநல சேவையின் எண் 14416. காசு கிடையாது, தமிழில் பேசலாம், பெயர் சொல்லவேண்டும் என்ற கட்டாயமில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பார்கள். 104 எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம்.

அடுத்த செக்கப்புக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒரு துண்டுச் சீட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். தூக்கம் எத்தனை மணி நேரம், பசி எப்படி, வாரத்தில் எத்தனை வேளை மாத்திரை விட்டுப் போச்சு, எத்தனை நாள் வெளியே நடந்தார், அந்த இரண்டு கேள்விக்கு என்ன பதில் சொன்னார். ஓ.பி.யில் டாக்டருக்கு உங்களோடு பேசக் கிடைப்பது சில நிமிஷம்தான். அவர் ஈ.சி.ஜி.யைப் பார்த்து முடித்துப் பேனாவை எடுக்கும்போது அந்தச் சீட்டை முன்னால் வையுங்கள்.